காரைத் தாழ்த்தலாம், முதுகு நோக வேண்டாம்: லோயரிங் ஸ்பிரிங் தேர்ந்தெடுப்பது எப்படி

தென் ஆப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வர்த் பக்கம் சஸ்பென்ஷன் வேலை மட்டும் பார்க்கும் சின்னப் பட்டறை என்னுடையது. தூத்துக்குடியில் துறைமுக லாரிகளுக்கு லீஃப் ஸ்பிரிங் மாற்றித் தொழில் படித்தவன் நான். இங்கே வந்த பிறகு கைக்கு வருவது பெரும்பாலும் இளவட்டங்களின் கார்கள்தான்: கோல்ஃப் ஜி.டி.ஐ., டொயோட்டா 86, பழைய பி.எம்.டபிள்யூ., எப்போதாவது ஒரு மாஸ்டா எம்.எக்ஸ்-5. எல்லோரும் கேட்பது ஒன்றுதான். "அண்ணே, வண்டி தரையோட ஒட்டி நிக்கணும், ஆனா உள்ள உட்கார்ந்தா தூக்கிப் போடக் கூடாது."

இரண்டும் சேர்ந்து கிடைக்கும், ஓர் அளவு வரைக்கும். அந்த அளவு எது என்று லோயரிங் ஸ்பிரிங், அதாவது காரைத் தாழ்த்தப் போடும் ஸ்பிரிங், வந்த டப்பாவைப் பார்த்தால் தெரியாது. உங்கள் காரின் ஷாக்கில் (ஷாக் அப்ஸார்பர், ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கும் குழாய்) அழுந்துவதற்கு எத்தனை மில்லிமீட்டர் மிச்சம் இருக்கிறது, நீங்கள் தினமும் ஓட்டும் சாலை அதில் எவ்வளவைத் தின்கிறது, இந்த இரண்டையும் அளந்தால்தான் தெரியும். ஸ்பிரிங் வாங்குவதற்கு முன்னால் செய்ய வேண்டியது அதுதான். ஆனால் நம் ஆட்கள் முதலில் ஸ்பிரிங்கை வாங்கி, மாட்டிவிட்டு, அப்புறம் என்னிடம் வந்து சாலையைத் திட்டுகிறார்கள்.

எதனால் தூக்கிப் போடுகிறது?

ஸ்பிரிங் கடினமாகிவிட்டது, அதனால் கார் தூக்கிப் போடுகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். கடினம் ஒரு காரணம், ஆனால் சின்னக் காரணம். தாழ்த்திய கார் முதுகில் குத்துவது பெரும்பாலும் பம்ப் ஸ்டாப்பில் போய் மோதுவதால்தான்.

பம்ப் ஸ்டாப் என்பது ஷாக்கின் கம்பியில் கோத்திருக்கும் ஃபோம் அல்லது ரப்பர் துண்டு. சக்கரம் அளவுக்கு மீறி மேலே ஏறினால் இரும்பும் இரும்பும் முட்டாமல் இருக்க அது வந்து தடுக்கும். காரை 30 மி.மீ. தாழ்த்தினால், சக்கரத்துக்கும் அந்த ஸ்டாப்புக்கும் நடுவே இருந்த இடத்தில் 30 மி.மீ. அப்படியே போய்விடும். "ஸ்பிரிங்தான் கடினமாக இருக்கிறதே, அது தடுத்துக்கொள்ளாதா?" என்று கேட்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு குழியின் அடியை வாங்க ஸ்பிரிங் விழுங்கக்கூடிய சக்தி, அது அழுந்தும் தூரத்தின் வர்க்கத்தோடு போகிறது. முன்பு அழுந்த 60 மி.மீ. இருந்தது, தாழ்த்திய பிறகு 40 மி.மீ. தான் இருக்கிறது என்று வையுங்கள். அதே அடியை ஸ்டாப்பைத் தொடாமல் வாங்க வேண்டுமானால் புது ஸ்பிரிங் பழையதைப் போல 2.25 மடங்கு கடினமாக இருக்க வேண்டும். சாலைக்கு விற்கும் எந்த நல்ல ஸ்பிரிங்கும் அவ்வளவு கடினமாக வராது, வந்தால் அதில் உட்கார முடியாது. ஷாக்கும் கொஞ்சம் அடியை வாங்கும் என்றாலும், இந்தக் கணக்கின் போக்கு மாறாது. 20 மி.மீ. தாழ்த்துவதற்கும் 40 மி.மீ. தாழ்த்துவதற்கும் உள்ள வித்தியாசம் பார்வைக்கு இரண்டு விரல். குழியில் விழும்போது அது வேறு கார்.

கேபிள் டையை வைத்து அளப்பது

செலவே இல்லாத வேலை இது. காரை சமதளத்தில் நிறுத்துங்கள். பெட்ரோல் பாதி டேங்க், டயர் காற்று கதவோரம் எழுதியிருக்கும் அளவுக்கு. வழக்கமாக ஓட்டுபவர் எடைக்கு சீட்டில் யாராவது உட்காரட்டும். சக்கரத்தின் நடுவிலிருந்து ஃபெண்டர் (சக்கரத்துக்கு மேலே வளையும் தகடு) விளிம்பு வரை நான்கு மூலையிலும் அளந்து எழுதுங்கள். தரையிலிருந்து அளக்க வேண்டாம், டயர் தேய்மானம் அதில் புகுந்துவிடும்.

இப்போது ஷாக். முன்பக்கம் ஸ்டியரிங்கை முழுக்க ஒரு பக்கம் திருப்பினால் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த தூண்) கண்ணுக்குத் தெரியும். தூசிக்காகப் போட்டிருக்கும் ரப்பர் பூட்டை மெதுவாக மேலே தள்ளுங்கள். உள்ளே பளபளப்பாக ஒரு கம்பி, அதன் மேல்முனையில் மஞ்சளாகவோ கறுப்பாகவோ பம்ப் ஸ்டாப். ஷாக் உடம்பின் மேல்விளிம்பிலிருந்து அந்த ஸ்டாப்பின் அடிப்பக்கம் வரை எத்தனை மி.மீ. என்று பாருங்கள். அதுதான் உங்கள் கையிருப்பு. கம்பியைத் துணியால் துடைத்து, மெல்லிய கேபிள் டை ஒன்றை அதில் சுற்றுங்கள். விரலால் தள்ளினால் நகர வேண்டும், தானாக இறங்கக் கூடாது. அவ்வளவு இறுக்கம் போதும். அதை ஷாக் உடம்பை ஒட்டி இறக்கி வைத்துவிட்டு பூட்டை மூடுங்கள். கார் குழியில் விழும்போது ஷாக் உடம்பு மேலே வந்து அந்த டையைத் தள்ளும், பிறகு தான் மட்டும் இறங்கிவிடும். டை நின்ற இடம் எவ்வளவு ஆழம் அழுந்தியது என்பதற்குச் சாட்சி.

அப்புறம் நீங்கள் அன்றாடம் போகிற வழியில் ஓட்டுங்கள். வேலைக்குப் போகும் ஹிக்கின்சன் ஹைவே, பள்ளிக்கூட வாசலில் இருக்கும் ஸ்பீட் ஹம்ப், என்2 நெடுஞ்சாலை, வார இறுதியில் போகிற போத்தாஸ் ஹில் ஓல்ட் மெயின் ரோடு, எதுவானாலும் சரி. நல்ல சாலை ஒரு நாள், மோசமான சாலை ஒரு நாள் என்று பிரித்து அளந்தால் இன்னும் நல்லது. 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு எங்கள் ஊரில் பல சாலைகள் ஒட்டுப்போட்ட சாலைகள். வெருலம், டொங்காட் பக்கம் கரும்பு லாரி ஓடும் தடங்களிலும் தார் அலை அலையாக எழும்பியிருக்கும். கேப் டவுனில் நன்றாக இருந்த ஸ்பிரிங் இங்கே நன்றாக இருக்கும் என்று நம்பி வாங்காதீர்கள்.

உதாரணத்துக்கு, கையிருப்பு 55 மி.மீ. இருக்கிறது. நல்ல சாலையில் டை 30-இல் நின்றது, ஸ்பீட் ஹம்ப்பிலும் குழியிலும் 45-இல் நின்றது. 20 மி.மீ. தாழ்த்தினால் கையிருப்பு 35. நல்ல சாலையில் ஸ்டாப்பைத் தொடாது, குழியில் தொடும். ஃபோம் ஸ்டாப் என்றால் அந்தத் தொடுதல் மென்மையாகவே தெரியும், தயாரிப்பாளர்களே அதை ஒரு துணை ஸ்பிரிங் மாதிரிதான் வைத்திருக்கிறார்கள். 35 மி.மீ. தாழ்த்தினால் கையிருப்பு 20. நல்ல சாலையிலேயே தினமும் அடிதான். இந்த ஒரு கணக்கைப் போட்டாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

பின்பக்கம் ஒரு நுணுக்கம் உண்டு. டொயோட்டா 86 மாதிரி பின்னால் டபுள் விஷ்போன் (மேலும் கீழுமாக ஆர்ம் என்ற இரும்புக் கைகள் சக்கரத்தைப் பிடிக்கும் அமைப்பு) இருக்கும் கார்களில் ஷாக் சக்கரத்துக்கு நேராக நிற்காது, உள்ளே தள்ளி ஆர்மின் மீது நிற்கும். சக்கரம் 20 மி.மீ. ஏறினால் ஷாக் அதைவிடக் குறைவாகத்தான் அழுந்தும். ஜாக்கியால் சக்கரத்தை 20 மி.மீ. தூக்கி, ஷாக் எவ்வளவு அழுந்தியது என்று பார்த்தால் அந்த விகிதம் கையில் கிடைத்துவிடும். தாழ்த்தும் அளவை அந்த விகிதத்தால் பெருக்கிக் கழியுங்கள்.

போன வருடம் ஒரு தம்பி 86-ஐக் கொண்டு வந்தான். 45 மி.மீ. தாழ்த்தும் செட் வாங்குவதாக முடிவே செய்திருந்தான். வீட்டில் ஆயாவை கிளினிக்குக்கு, கோவிலுக்கு அழைத்துப் போவதும் அதே காரில்தான். டை கட்டி அனுப்பினேன். திரும்பி வந்ததும் ரப்பர் பூட்டைத் தூக்கிக் காட்டினேன். டைக்கும் ஸ்டாப்புக்கும் நடுவே என் சுண்டுவிரல்தான் நுழைந்தது. "இதுல இன்னும் 45 எங்கப்பா இருக்கு?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றான். "அண்ணே, அப்ப எவ்வளவு?" என்றான். முன்னே 20, பின்னே 15 என்றேன். அதைத்தான் மாட்டினோம். காவடித் திருவிழாவுக்கு உம்கேனி ரோடு கோவிலுக்கு அதே காரில் ஆயாவோடு வந்திருந்தான். ஆயா என்னிடம் காரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு அது போதும்.

டர்பன் சாலைகளுக்கு என் கணக்கில் 15 முதல் 25 மி.மீ. வரை. அதற்கு மேல் போனால் ஷாக்கையும் சேர்த்து மாற்ற வேண்டும், அதற்கும் ஓர் எல்லை உண்டு.

எவ்வளவு கடினம் தாங்கும்

ஸ்பிரிங் எத்தனை நியூட்டன் என்று கேட்டு வாங்குங்கள். ஒரு மி.மீ. அழுத்த எத்தனை நியூட்டன் தேவை என்பதுதான் அந்த எண். ஆனால் அந்த எண் தனியாக எதையும் சொல்லாது. எடை அதிகமான காருக்கு 30 மெத்தென்று இருக்கும், எடை குறைந்த காருக்கு அதே 30 கட்டையாக இருக்கும். அதனால்தான் சஸ்பென்ஷன்காரர்கள் அதிர்வெண்ணில் பேசுகிறார்கள்: காரை ஒரு அமுக்கு அமுக்கி விட்டால் வினாடிக்கு எத்தனை முறை ஆட விரும்பும் என்பது.

சாதாரண குடும்பக் கார்கள் 1 முதல் 1.5 ஹெர்ட்ஸுக்குள் இருக்கும். ஸ்போர்ட்ஸ் கார்கள் 1.5-ஐத் தாண்டி 2 வரை போகும். ஒரு சக்கரத்தின் மேல் 300 கிலோ நிற்கிறது, சக்கரத்தில் உணரும் கடினம் மி.மீ.க்கு 27 நியூட்டன் என்று வைத்தால் 1.5 ஹெர்ட்ஸ் வரும். ஸ்பிரிங்கை 20 சதவீதம் கூட்டினால் 1.65. உட்கார்ந்திருப்பவருக்கு வித்தியாசம் தெரியும், தொல்லை தராது. 60 சதவீதம் கூட்டினால் 1.9. அப்போது ஒவ்வொரு பாலத்தின் இணைப்பும் உங்களுக்குத் தெரியும். மனித உடலுக்கு மேல்கீழ் ஆட்டத்தில் 4 முதல் 8 ஹெர்ட்ஸ் வரைதான் மிகவும் உறுத்தும். நல்ல ஸ்பிரிங் எதுவும் உங்களை அங்கே கொண்டுபோகாது. பம்ப் ஸ்டாப்பில் மோதும்போது கடினம் சட்டென்று பல மடங்கு ஏறி அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு போகிறது.

முன்பக்கமும் பின்பக்கமும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகிறதா என்பதைப் பலர் பார்ப்பதே இல்லை. 1930-களிலேயே ஜெனரல் மோட்டார்ஸில் மோரிஸ் ஒல்லி என்ற பொறியாளர் இதைக் காட்டிவிட்டார்: பின்பக்கத்தின் அதிர்வெண் முன்பக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருந்தால், மேட்டில் முன்சக்கரம் ஏறிய பிறகு பின்சக்கரம் ஏறினாலும், பின்பக்கம் வேகமாக ஆடி முன்பக்கத்தைப் பிடித்துவிடும். கார் தலையை ஆட்டாமல் தட்டையாகப் போகும். 10 முதல் 20 சதவீதம் கூடுதல் என்பது வழக்கம். ஒரு செட் முன்னால் 40 சதவீதமும் பின்னால் 10 சதவீதமும் கூட்டினால் இந்தப் பொருத்தம் கெட்டுவிடும். அப்புறம் என்2-வில் 120-இல் போகும்போது கார் முன்னும் பின்னும் ஊஞ்சலாடும். பக்கத்தில் இருப்பவருக்குத் தலைவலி வருவது அதனால்தான். இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில் கூட்டும் செட்டாகப் பாருங்கள்.

விற்பவரிடம் எண் இல்லையா? தடிமன் அளக்கும் வெர்னியர் எடுத்துக்கொண்டு போங்கள். கம்பியின் தடிமன், சுருளின் விட்டம், ஆடும் சுருள்கள் எத்தனை, இந்த மூன்றும்தான் கடினத்தைத் தீர்மானிக்கின்றன. இவற்றில் கம்பியின் தடிமன்தான் ராஜா, ஏனென்றால் அது நான்காம் படியில் வேலை செய்கிறது. மற்றதெல்லாம் அப்படியே இருக்க, 12 மி.மீ. கம்பி 13 ஆனால் ஸ்பிரிங் ஏறக்குறைய 38 சதவீதம் கடினமாகிவிடும். பெயிண்டின் தடிமனைக் கழித்து அளந்து, உங்கள் பழைய ஸ்பிரிங்கோடு ஒப்பிட்டாலே ஆளைப் பிடித்துவிடலாம்.

"புரோக்ரஸிவ்" என்று எழுதியிருந்தால்

ஒரு முனையில் நெருக்கமாகவும் மறுமுனையில் அகலமாகவும் சுற்றிய ஸ்பிரிங். முதலில் மென்மையாக அழுந்தும், போகப் போகக் கடினமாகும். சொகுசுக்கு நல்ல யோசனைதான். ஆனால் மாட்டிய பிறகு காரைத் தரையில் இறக்கி, சக்கரத்தின் இடுக்கில் டார்ச் அடித்துப் பாருங்கள். அந்த நெருக்கமான சுருள்கள் காரின் எடையிலேயே ஒன்றையொன்று தொட்டு மூடிக்கிடந்தால் அவை ஆடவே போவதில்லை. கார் தூக்கப்படும்போது ஸ்பிரிங் கழன்று விழாமல் இருக்கத்தான் அவை உதவும். நீங்கள் ஓட்டுவது மீதமுள்ள கடினமான பகுதியில் மட்டும்தான். கார் நிற்கும்போது அந்தச் சுருள்களுக்கு நடுவே இன்னும் இடைவெளி தெரிந்தால் அது நிஜமான புரோக்ரஸிவ். வாங்கும் முன் அதே மாடல் காரில் மாட்டியவர் யாராவது இருந்தால் போய்ப் பார்த்துவிடுங்கள்.

ஷாக்கைப் பற்றி

ஸ்பிரிங் சக்தியைச் சேர்த்து வைக்கும், ஷாக் அதைச் செலவழிக்கும். ஸ்பிரிங்கை 20 சதவீதம் கூட்டி ஷாக்கை அப்படியே விட்டால் அடக்கும் தன்மை 9 சதவீதம் குறையும். தயாரிப்பாளர் வைத்த ஷாக் நல்ல நிலையில் இருந்தால் அதைச் சமாளிக்கும். 60 சதவீதம் கூட்டினால் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். கார் ஒரு மேட்டைத் தாண்டிய பிறகும் இரண்டு மூன்று முறை குதிக்கும். பலர் இதையும் "கடினம்" என்றுதான் சொல்வார்கள். உண்மையில் அது அடக்கம் இல்லாமை.

80,000 கி.மீ. தாண்டிய ஷாக்கின் மேல் புது லோயரிங் ஸ்பிரிங் போட வேண்டாம். எண்ணெய்க் கசிவு தெரியாவிட்டாலும் உள்ளே வால்வும் சீலும் தேய்ந்திருக்கும். காசு ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் நான் ஷாக்கைத்தான் மாற்றச் சொல்வேன், ஸ்பிரிங் அடுத்த வருடம் வரட்டும். புது ஷாக்கோடு பழைய ஸ்பிரிங்கே எவ்வளவு நன்றாக ஓடுகிறது என்று பார்த்துவிட்டு, தாழ்த்துகிற யோசனையையே விட்டவர்களும் உண்டு. 25 மி.மீ.க்கு மேல் தாழ்த்துவதாக இருந்தால் அதற்கென்றே உடம்பைக் குட்டையாகச் செய்த ஷாக் வேண்டும். பில்ஸ்டீன், கோனி இரண்டிலும் அப்படி வரிசைகள் உண்டு. உங்கள் காரில் பட்டன் அழுத்தி மாற்றும் மின்னணு ஷாக் இருந்தால், அந்த ஷாக்குக்கு ஏற்றது என்று எழுதிக் கொடுத்த ஸ்பிரிங் மட்டும்.

பம்ப் ஸ்டாப்பை வெட்டினால் இடம் கிடைக்குமே என்று கேட்பார்கள். ஸ்பிரிங் தயாரிப்பாளர் இவ்வளவு வெட்டு என்று தாளில் எழுதியிருந்தால் அந்த அளவு மட்டும் வெட்டுங்கள். சொல்லாமல் வெட்டினால் ஷாக்கின் அடிவால்வு உடையும், டயர் ஃபெண்டரில் போய் உரசும்.

எதை வாங்குவது, எதைத் தொடக்கூடாது

ஜெர்மனியின் ஐபாக்கும் எச் அண்ட் ஆரும் எனக்கு நம்பிக்கையானவை. ஐபாக்கில் ப்ரோ-கிட் மிதமானது, ஸ்போர்ட்லைன் அதைவிடத் தாழ்வானது. சொகுசு வேண்டுமென்றால் ப்ரோ-கிட்டோடு நிறுத்துங்கள். இந்தக் கம்பெனிகளின் டப்பாவில் வரும் ஜெர்மன் சான்றிதழில் அந்த ஸ்பிரிங் முன் அச்சில், பின் அச்சில் எத்தனை கிலோ வரை என்று எழுதியிருக்கும். அதை உங்கள் காரின் எடையோடு ஒப்பிடுங்கள். ஒரே மாடலில் ஆட்டோமேட்டிக் கியர், பெரிய எஞ்சின் என்று எடை மாறும், ஸ்பிரிங்கின் எண்ணும் மாறும்.

கிரைண்டர் வைத்து ஸ்பிரிங்கை வெட்டுவதும், கேஸ் வெல்டிங் சூட்டில் தளர்த்தி இறக்குவதும் எங்கள் ஏரியாவில் இன்னும் நடக்கிறது. என் பட்டறையில் அந்த வேலை நடக்காது, எவ்வளவு கொடுத்தாலும் சரி. ஆறு சுருளில் ஒன்றை வெட்டினால் மீதி 20 சதவீதம் கடினமாகும், அடிமுனை ஸ்பிரிங் தட்டில் உட்காராது, கார் ஒரு மேட்டில் எகிறும்போது ஸ்பிரிங் இடம் மாறும். சூடு காட்டிய இரும்பு அதன் பதத்தை இழந்துவிடும். மாதக்கணக்கில் தொய்ந்துகொண்டே போய் ஒருநாள் முறியும். உள்ளே உட்கார்ந்திருப்பது யாருடைய பிள்ளையோ.

பழைய ஸ்பிரிங் வாங்குவதாக இருந்தால் அடிச்சுருளைப் பாருங்கள். எங்களுடையது கடலோர ஊர், உப்புக்காற்று. பெயிண்ட் பெயர்ந்த இடத்தில் துரு குழி விழுந்திருந்தால், பெரும்பாலும் அங்கேதான் முறியும். நகத்தால் கீறிப் பார்த்துப் பொருக்கு உதிர்ந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

காயில்ஓவர் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்தே வரும், உயரத்தைத் திருகி மாற்றும் செட்) பற்றியும் கேட்பார்கள். நல்லது விலை அதிகம். மலிவானதில் ஷாக்கின் ஓட்டமே குறைவு. சொகுசு முக்கியம் என்றால் நடுத்தர விலைக் காயில்ஓவரைவிட மிதமான ஸ்பிரிங்கும் நல்ல ஷாக்கும் மேல்.

சக்கரத்தைப் பெரிதாக்கிவிட்டு ஸ்பிரிங்கைக் குறை சொல்லாதீர்கள். 215/45 ஆர்17 டயரின் பக்கச்சுவர் 97 மி.மீ., 215/40 ஆர்18 என்றால் 86. போன 11 மி.மீ. ரப்பரும் காற்றும், சாலையின் சின்னச் சின்ன நெளிவுகளை முதலில் வாங்கிக்கொண்டிருந்தது அதுதான்.

மாட்டும்போது

சொகுசு பாதி கெடுவது மாட்டும் இடத்தில். ஆர்ம்கள் திரும்பும் மூட்டில் இருக்கும் ரப்பர் புஷ்களின் போல்ட்டுகளைப் பட்டறையில் கார் லிஃப்டில் தொங்கும்போதே முறுக்கிவிடுகிறார்கள். அந்த புஷ்ஷின் உள்குழாய் முறுக்கிய நிலையிலேயே பிடித்துக்கொள்ளும். காரை இறக்கியதும் ரப்பர் திருகிய நிலையிலேயே நிற்கும், அதுவே ஒரு கூடுதல் ஸ்பிரிங் ஆகிவிடும். கார் இரண்டு மூன்று மி.மீ. உயரமாகவும் நிற்கும், ரப்பரும் சீக்கிரம் கிழியும். சரியான முறை: போல்ட்டைக் கைமுறுக்கில் விட்டுவிட்டு, சக்கரத்தில் காரின் எடை இறங்கிய நிலையில் டார்க் ரெஞ்சால் முறுக்க வேண்டும். உங்கள் மெக்கானிக்கிடம் இதை முன்கூட்டியே கேளுங்கள். கேட்டதும் அவர் விழித்தால் வேறு இடம் பாருங்கள்.

ஸ்பிரிங் கம்ப்ரஸர் வைத்து வீட்டு வாசலில் வேலை பார்க்கும் தம்பிகளுக்கு ஒன்று: அழுத்திய ஸ்பிரிங் நழுவினால் எலும்பை முறிக்கும். முகத்தை அதன் நேர்க்கோட்டில் வைக்காதீர்கள், மலிவான கொக்கியை நம்பாதீர்கள். ஸ்ட்ரட்டைக் கழற்றும்போதே மேல் மவுண்ட், பேரிங், ஸ்பிரிங் உட்காரும் ரப்பர் மெத்தை மூன்றையும் பார்த்து, தேய்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள். மறுபடி பிரிக்கும் கூலியைவிட அவை மலிவு. மாட்டிய பிறகு சக்கரத்தைத் தொங்கவிட்டு ஸ்பிரிங் கையால் ஆடுகிறதா பாருங்கள். ஆடக் கூடாது.

முன்பக்கம் குனிந்து கீழ் ஆர்மைப் பாருங்கள். சக்கரப் பக்கம் இருக்கும் பால் ஜாயிண்ட், உள்பக்க புஷ்ஷைவிடத் தாழ்வாகவோ சமமாகவோ இருந்தால் நல்லது. மேலே ஏறிவிட்டால் மேக்பெர்சன் ஸ்ட்ரட் கார்களில் ரோல் சென்டர் (திருப்பத்தில் கார் சாயும் மையப்புள்ளி) வேகமாகக் கீழே போய்விடும். தாழ்த்திய கார் திருப்பத்தில் முன்பைவிட அதிகமாகச் சாயும். அதைத் தடுக்க, இடது வலது சக்கரங்களை இணைக்கும் ஆன்டி ரோல் பாரைத் தடிமனாகப் போடுவார்கள், அது ஒரு பக்கக் குழியை அடுத்த சக்கரத்துக்கும் கடத்தும். இப்படி ஒன்று இழுக்க ஒன்று வரும். குறைவாகத் தாழ்த்தினால் இந்த வரிசையே தொடங்காது.

சில நூறு கி.மீ. ஓட்டி ஸ்பிரிங் உட்கார்ந்த பிறகு வீல் அலைன்மென்ட். மாட்டிய அன்றைக்கே ஒன்று, உட்கார்ந்த பிறகு ஒன்று என்று இரண்டு முறை செய்தால் நிம்மதி. டயரை அதிகம் தின்பது டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருப்பது), அதைச் சரியாக வைத்தால் சின்னக் கேம்பர் (முன்னிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்திருப்பது) வித்தியாசம் பெரிதாகச் செலவு வைக்காது. முன்கண்ணாடிக்குப் பின்னால் சாலையைப் பார்க்கும் கேமரா இருக்கும் கார்களில் அதையும் புது உயரத்துக்குச் சரிசெய்யச் சொல்லுங்கள். முன்பக்கம் அதிகம் இறங்கியிருந்தால் ஹெட்லைட் தரையைப் பார்க்கும், அதையும் தூக்கி வையுங்கள்.

வீட்டு டிரைவ்வேயை மறந்துவிடுவார்கள். சாட்ஸ்வர்த்தில் மேட்டிலும் சரிவிலும்தான் வீடுகள், கேட்டைத் தாண்டியதும் ஏற்றம். தாழ்த்துவதற்கு முன் ஒரு சோதனை செய்யலாம். எத்தனை மி.மீ. தாழ்த்தப் போகிறீர்களோ அத்தனை தடிமனில் தெர்மகோல் துண்டை முன் பம்பரின் அடியில் டேப் போட்டு ஒட்டி, மெதுவாக உங்கள் டிரைவ்வேயில் ஏற்றி இறக்குங்கள், ஆள் ஏறிய நிலையில். தெர்மகோல் தேய்ந்தால் அடுத்து தேயப்போவது பம்பர். கொஞ்சம் கோணலாக ஏறினால் தப்புமா என்றும் அப்போதே பார்த்துவிடலாம்.

மாற்றியதை இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் சொல்லிவிடுங்கள். சொல்லாத மாற்றத்தைக் காரணம் காட்டி இழப்பீட்டை மறுக்க அவர்களுக்கு வழி உண்டு. காரை விற்கும்போது ரோட்வொர்த்தி (சாலையில் ஓடத் தகுதியா என்று பார்க்கும்) பரிசோதனைக்குப் போகும், அங்கே கழன்று ஆடும் ஸ்பிரிங்கும் உரசும் டயரும் நிற்காது. சான்றிதழையும் பில்லையும் கிளவ் பாக்ஸில் வையுங்கள்.

கழற்றிய பழைய ஸ்பிரிங்குகளை இரும்புக்கடைக்குப் போடாதீர்கள். முன் இடது, முன் வலது, பின் என்று மார்க்கரால் எழுதி, எண்ணெய்த் துணியில் சுற்றி கராஜில் ஓரமாக வையுங்கள். ரப்பர் மெத்தைகளும் பழைய பம்ப் ஸ்டாப்பும் அதே பையில் போகட்டும். காரை வாங்க வருபவர் பெரும்பாலும் முதலில் கேட்பது அதைத்தான்.